பொங்கலுக்குத் துணித் தோரணம்: வீட்டில் எல்லோரும் சேர்ந்து தைக்க நினைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

மார்கழி பிறந்துவிட்டால் என்னிடம் தையல் பழக வருபவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் துணித் தோரணத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். மாவிலை வடிவத்தில் துணியை வெட்டித் தைத்து, ஒரு பட்டியில் வரிசையாக இணைத்துத் தலைவாசலுக்கு மேலே கட்டுவது. கடையில் வாங்கிவந்தும் கட்டலாம், அது ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆயா (பாட்டி) முதல் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை வரைக்கும் ஆளுக்கொரு இலை தைத்துக் கட்டும் தோரணத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கடைத் தோரணத்தில் மனசு ஒட்டவில்லை. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மாவிலைத் தோரணம் இருக்கும்போது துணித் தோரணம் எதற்கு?

மாவிலைக்குப் பதிலாக இதைக் கட்டச் சொல்லவில்லை. பச்சை மாவிலை சாமிக்கும் வாசலுக்கும் உரியது, அதை விடவே கூடாது. போகியன்று கட்டினால் காணும் பொங்கலுக்குள் சுருண்டு காய்ந்துவிடும் என்பதுதான் அதன் இயல்பு. துணித் தோரணம் ஜோடனை. மேலே துணித் தோரணத்தைக் கட்டி, அதற்குக் கீழே மெல்லிய கயிற்றில் மாவிலையைக் கட்டினால் இரண்டும் நன்றாகவே சேரும்.

எப்போது தொடங்கினால் பொங்கலுக்குள் முடியும்?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு லீவு விடும் டிசம்பர் கடைசி வாரம்தான் சரியான நேரம். பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-ல் வரும். லீவில் வெட்டும் வேலையையும் இலைகளையும் முடித்துவிட்டால், பள்ளி திறந்த பிறகு சனி ஞாயிறில் பட்டியில் இணைத்துக்கொள்ளலாம். போகிக்கு முதல் நாள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அம்மா ஒருத்திதான் ராத்திரி முழுக்கத் தைத்துக்கொண்டிருப்பாள். பட்டியை மட்டும் டைலரிடம் கொடுத்துக்கொள்ளலாம் என்றும் நம்பியிருக்காதீர்கள். தை பிறக்கும் சமயத்தில் அவர்களுக்கு ஜாக்கெட்டும் சட்டையும் தைக்கவே நேரம் போதாது.

எந்தத் துணி நல்லது? புதிதாக வாங்க வேண்டுமா?

வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. வீட்டு பீரோவில் இருப்பதே போதும், அதுதான் பொருத்தமும்கூட. தாத்தாவின் பழைய கட்டம் போட்ட லுங்கி, அப்பாவின் சட்டைத் துணி, அக்காவின் சின்னதாகிப் போன பாவாடை, அம்மாவின் ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துண்டு, வேட்டிக் கரை, இப்படி. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது லுங்கி. குடியாத்தம் பக்கத்துக் கைத்தறி லுங்கி துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும், ஆனால் நெசவு தளராது. கட்டம் நேராக ஓடுவதால் வெட்டுவதற்கு ஸ்கேலே தேவையில்லை, பிள்ளைகளும் கோட்டைப் பார்த்து வெட்டிவிடுவார்கள். உட்காரும் இடத்தில் நைந்திருக்கும். அதை விட்டுவிட்டு ஓரங்களிலிருந்து எடுங்கள்.

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய துணியைத் தீயில் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தக் காலத்துத் துணியில் நிறைய பாலியஸ்டர் கலந்ததுதான், எரித்தால் கரும்புகைதான் மிஞ்சும். அதை எரிக்க எடுத்து வைப்பதற்கு முன்னால் தோரணத்துக்கு ஒருமுறை சலித்துப் பாருங்கள்.

துணி போதாவிட்டால் பக்கத்து டைலர் கடையில் வெட்டுத்துண்டு கேளுங்கள், டிசம்பரிலேயே கேட்டு வைத்தால் ஒரு பை நிறையக் கொடுப்பார்கள். லேஸ், மணி, நூலுக்கு வேலூர் லாங்கு பஜாரையும் மெயின் பஜாரையும் ஒரு சுற்று வந்தால் போதும்.

வழுக்கும் துணி மட்டும் வேண்டாம். ஷிஃபான், சாட்டின், ஜார்ஜெட் எல்லாம் கைக்கு அடங்காமல் ஓடும். பழகாதவர்களுக்கு ஊசி மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

புதுத்துணிதான் வேண்டும் என்றால் எவ்வளவு?

44 இன்ச் அகலப் பருத்தித் துணி 1 மீட்டர் வாங்குங்கள். மூன்றரை அடி வாசலுக்கு 13 இலைகளும் பட்டியும் அதிலேயே அடங்கிவிடும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், புதுப் பருத்தி சுருங்கும்.

சிவப்புத் துணி சாயம் போகிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்குமா?

உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். ஏற்கெனவே சாயம் ஏற்றிய துணியில் சாயத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையை உப்பு செய்யாது. ஒட்டாமல் மேலே தங்கியிருக்கும் சாயம் முழுக்கக் கழுவிப் போவதுதான் ஒரே வழி. தண்ணீர் தெளிவாக வரும்வரை தனியாக அலசுங்கள். பிறகு ஒரு ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை வெள்ளை வேட்டித் துண்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மார்கழிப் பனிக்கு வாசலில் தொங்கும் துணி விடியற்காலையில் நனைந்துதான் இருக்கும். துவைக்காமலேயே சாயம் இறங்க அது போதும்.

இலைக்கும் பட்டிக்கும் என்ன அளவு?

முதலில் உங்கள் வாசலை அளந்துகொள்ளுங்கள். நிலைக்கு வெளிப்பக்கம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. மூன்றரை அடி, அதாவது 42 இன்ச் என்று வைத்துச் சொல்கிறேன்.

இலையின் அகலமான இடம் 3 இன்ச், நீளம் ஏழேகால் இன்ச். இந்த நீளத்தில் மேலே அரை இன்ச் பட்டிக்குள் போய்விடும், ஆறே முக்கால் இன்ச் தொங்கும். மேல்முனை ஒன்றரை இன்ச் அகலத்துக்குத் தட்டையாக இருக்கட்டும். கீழ்முனை மாவிலை மாதிரி கூராக. தைத்த இலைகளுக்கு நடுவில் கால் இன்ச் இடைவெளி விட்டால் 13 இலைகள் சரியாக 42 இன்ச்சுக்கு வரும். வாசல் சின்னது என்றால் 11 வையுங்கள். ஒற்றைப்படையாக இருந்தால் நடுவில் ஒரு இலை வந்து நிற்கும், பார்வைக்கு அழகு.

இந்த அளவில் ஒரு அட்டை மாதிரி செய்துகொள்ளுங்கள். வருஷக் கடைசியில் வீட்டுக்கு வீடு பழைய காலண்டர் அட்டை கிடைக்குமே, அதுவே போதும். காகிதத்தை நீளவாக்கில் மடித்து, மடிப்பை நடு நரம்பாக வைத்துப் பாதி இலையை வரைந்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒத்து வரும். அதை அட்டையில் ஒட்டி வெட்டிவிடுங்கள். மாதிரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். ஆளுக்கொரு மாதிரி வரைந்தால் இலைகள் ஒன்றுக்கொன்று சேராது. வடிவம் எல்லோருக்கும் ஒன்று, துணியும் நிறமும் தையலும் அவரவர் இஷ்டம்.

பட்டிக்கு 5 இன்ச் அகலம், நாற்பத்தெட்டரை இன்ச் நீளம். தைத்து முடிந்தால் 48 இன்ச் வரும், இரண்டு பக்கமும் மூன்று மூன்று இன்ச் இலையில்லாமல் நிற்கும். நீளம் போதாத துணியை நடுவில் ஒட்டுப்போடலாம், அந்த ஒட்டு நடு இலையின் மேலே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு இலையைத் தொடக்கம் முதல் கடைசி வரை எப்படித் தைப்பது?

இரண்டு துண்டுத் துணியை நல்ல பக்கம் உள்ளே பார்த்தபடி ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். அட்டையை வைத்துச் சுற்றிலும் சாக்கட்டியால் கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் தையல் போகும் வழி. கோட்டுக்கு வெளியே கால் இன்ச் விட்டு வெட்டுங்கள். மேல்முனையில் மட்டும் கோட்டோடு வெட்டலாம்.

மேல்முனையின் ஒரு ஓரத்தில் தொடங்கி, கூர்முனை வழியாக வந்து, மறு ஓரத்தில் முடியுங்கள். மேல்முனை திறந்தே இருக்கட்டும். கூர்முனையில்தான் எல்லோருக்கும் சிக்கல். மெஷினில் தைக்கும்போது முனைக்கு வந்ததும் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பிக் கிளம்புகிறோம் இல்லையா? அப்படி ஒரேயடியாகத் திருப்பாமல், முனையில் குறுக்காக ஒரே ஒரு தையல் போட்டுவிட்டு அப்புறம் திரும்புங்கள். கூராகவே தைத்தால் திருப்பும்போது உள்ளே துணி அடைத்து முனை குண்டாகிவிடும். ஒரு தையல் குறுக்கே போனால் உள்ளே இடம் கிடைக்கும், வெளியே பார்க்கக் கூராக நிற்கும். முனைக்கு முன்னும் பின்னும் தையல் நெருக்கமாக இருக்கட்டும், அங்கேதான் துணி பிய்யும்.

தைத்த பிறகு முனையை நெருக்கி வெட்டிவிடுங்கள். வளைவுகளில் வெளி ஓரத்தை அரைக்கால் இன்ச்சுக்குக் குறைத்துவிடுங்கள். பிறகு நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். முனையைத் தள்ள மொட்டையான பென்சிலோ மூங்கில் குச்சியோ எடுங்கள். கத்தரிக்கோல் நுனியால் தள்ளினால் தைத்த இடமே ஓட்டையாகும். அப்புறம் இஸ்திரி. கடைசியாக நடுவில் மேலிருந்து கீழே ஒரு தையல், அதுதான் நரம்பு. பக்க நரம்புகள் போட ஆசைப்படுபவர்கள் போடலாம்.

துணி மெல்லியதாக இருந்து இலை துவண்டால், ஒரு துண்டின் பின்பக்கம் பேப்பர் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டுத் தையுங்கள். லுங்கிக்கு அது தேவைப்படாது.

வீட்டில் மெஷின் இல்லை. கையால் முடியுமா?

தாராளமாக. சுற்றுத் தையலுக்குப் பின்தையல் போடுங்கள். ஒரு தையல் நீளம் முன்னே போய், பாதித் தையல் நீளம் பின்னே வந்து குத்தும் அந்தத் தையல் இழுத்தாலும் விடாது. வெறும் ஓட்டுத் தையல் போட்டால் திருப்பும்போது இடைவெளி தெரியும். நூலை இரட்டையாகக் கோத்து, முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள், நீளமான நூல்தான் சிக்கும். பழகியவர்களுக்கே ஒரு இலைக்கு அரை மணி நேரம் பிடிக்கும். பேசிக்கொண்டே தைப்பதற்கு அந்த வேகம் வசதிதான். மெஷின் ஓடும் வீட்டில் யாரும் பேச முடியாது என்பதால், மெஷின் இருப்பவர்களுக்கும் இரண்டு மூன்று இலைகளாவது கையால் தைக்கச் சொல்வேன்.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் ஊசி கொடுக்கலாம்?

ஆறேழு வயதில் கொடுக்கலாம், பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தால். பெரிய காதும் மழுங்கிய முனையும் உள்ள தடித்த ஊசி எடுங்கள். திருப்பி இஸ்திரி போட்ட இலையைக் கையில் கொடுத்து நரம்பை மட்டும் போடச் சொல்லுங்கள். எம்ப்ராய்டரி நூல் கண்டில் ஆறு இழை சேர்ந்திருக்கும். பெரியவர்கள் இரண்டு இழையாகப் பிரித்துத் தைப்போம், பிள்ளைகளுக்கு மூன்று இழையாக விட்டால் தையல் தடிமனாகத் தெரியும், அவர்களுக்கு அதில் ஒரு பெருமை. ஒன்பது பத்து வயதானால் கோட்டைப் பார்த்து முழு இலையும் தைப்பார்கள். அதற்கும் சின்னதுகள் துணியைப் பொறுக்கட்டும், எந்த இலைக்குப் பக்கத்தில் எது என்று வரிசை வைக்கட்டும். பெரியவர்களுக்குத் தோன்றாத வரிசையெல்லாம் வைப்பார்கள்.

ஊசிக்கு ஒரு கண்டிப்பு வேண்டும். தொடங்கும்போது எண்ணி ஒரு பழைய சோப்பில் குத்தி வையுங்கள், எழுந்திருக்கும்போது எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, ஒருவர் மட்டும் காந்தம் வைத்துத் தேட வேண்டும். பாயில் உட்கார்ந்து தைக்கும் வீடுகளில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிள்ளை தைத்தது கோணலாக இருக்கிறது. ராத்திரி பிரித்து நேராகத் தைத்துவிடலாமா?

கூடாது. நான் அதிகமாகச் சண்டை போடுவது இந்த ஒன்றுக்காகத்தான். பிள்ளை தூங்கிய பிறகு பிரித்துத் தைத்துவிட்டுக் காலையில் "பாரு, எவ்வளவு அழகா தைச்சிருக்கே" என்று சொல்லும் அம்மாக்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். தன் தையல் எங்கே வளைந்தது, எங்கே நூல் முடிச்சு விழுந்தது என்று அதற்கு நன்றாகத் தெரியும். காலையில் அது காணாமல் போயிருந்தால், தன் கை வேலை வாசலுக்கு லாயக்கில்லை என்றுதான் புரிந்துகொள்ளும். அடுத்த வருஷம் ஊசியைத் தொடாது.

தையல் பிரிந்து இலை விழுந்துவிடும் போலிருந்தால் அதன் பக்கத்திலேயே, அதே நிற நூலில் உள்பக்கமாக ஒரு தாங்கு தையல் போடுங்கள், பிள்ளை பார்க்கும்போதே. "இது விழாம இருக்க நான் பின்னாடி ஒண்ணு போடறேன், உன்னுது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கோணலான இலையை ஓரத்துக்குத் தள்ளவும் வேண்டாம். பதின்மூன்று இலைகள் தொங்கும்போது தூரத்திலிருந்து யாருக்கும் ஒரு தையல் தெரியாது. கிட்டே வந்து பார்ப்பவர் சொந்தக்காரராகத்தான் இருப்பார், அவருக்கு அதைக் காட்டிச் சொல்வதற்காகத்தானே தைத்தோம்.

ஒவ்வொரு இலையின் பின்பக்கத்திலும் தைத்தவரின் பெயரில் முதல் எழுத்தையும் வருஷத்தையும் சின்னதாகத் தைத்துவிடுங்கள். பேனாவால் எழுதினால் துவைக்கத் துவைக்க மங்கிவிடும்.

ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அவர்களை எப்படிச் சேர்ப்பது?

ஊசி கோப்பதுதான் அவர்களுக்குத் தடை, தைப்பது அல்ல. காலையிலேயே நாலைந்து ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிடுங்கள். வெளிர் துணிக்குக் கறுப்பு நூல், அடர்ந்த துணிக்கு மஞ்சள் நூல் என்று கொடுத்தால் தையல் போகும் வழி தெரியும். ராத்திரி விளக்கில் வேண்டாம், பகலில் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ உட்காரச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில சமயம் விரலில் உணர்ச்சி குறைந்திருக்கும், குத்தியதே தெரியாது. டைலர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் இரும்புத் தொப்பி கட்டாயம் கொடுங்கள்.

ஊசியே பிடிக்க முடியாதவர்கள் என்றால் துணிக்குக் கதை சொல்லட்டும். இது யார் கல்யாணத்துக்கு எடுத்தது, இதைக் கட்டிக்கொண்டு யார் எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டு ஆண்களும் தைக்க வேண்டுமா?

ஆமாம். வேலூர் டைலர் கடைகளில் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் ஆண்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஆணி அடிப்பதோடு தம்பியை விட்டுவிடாதீர்கள்.

மகள் பெங்களூருவில், மகன் சென்னையில். பொங்கலுக்கு முந்தின நாள்தான் வருவார்கள். அவர்கள் பங்கு எப்படி?

அட்டை மாதிரியை இன்னொன்று வெட்டி, இரண்டு துண்டுத் துணியோடு கவரில் வைத்துத் தபாலில் அனுப்புங்கள். பத்து நாள் முன்னதாக அனுப்பினால் நிதானமாகத் தைத்துக் கையோடு கொண்டு வருவார்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி அதைப் பார்த்து வரையச் சொன்னால் அளவு மாறிவிடும், அட்டையே போக வேண்டும். அவர்களுக்கான இடத்தைப் பட்டியில் திறந்து வையுங்கள், குண்டூசி குத்தி அடையாளம் வைத்தால் போதும். வந்து இறங்கிய அன்றே அந்த இரண்டு இலைகளையும் கையால் தைத்துச் சேர்த்துவிடலாம்.

தவறிப்போன ஆயாவின் புடவையை வெட்டித் தைக்கலாமா?

இதைக் கேட்பவர்கள் பாதி ஆசையிலும் பாதி பயத்திலும் கேட்கிறார்கள். வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. இறந்தவர் துணியை மங்கல வாசலில் வைக்கக் கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்கள் உடுத்திய துணி வாசலில் இருந்தால் அவர்களே நிற்பதுபோல என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம், உள்ளே கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு சின்னத் தோரணம் தனியாகத் தைத்துக்கொள்ளலாம். துக்கம் நடந்த வருஷம் பல வீடுகளில் பண்டிகை கொண்டாடுவதில்லை. அந்த வருஷம் புடவையை எடுத்து வெட்டவும் அவசரம் இல்லை. கை போகும்போது போகட்டும்.

வெட்டுவது என்று முடிவானால் முந்தானையில் கை வைக்காதீர்கள். புடவையைக் கட்டும்போது உள்ளே சுற்றும் முதல் ஒரு முழத்தில் எடுங்கள். வெயில் படாத பகுதி, நிறம் அப்படியே இருக்கும், வெட்டியதும் வெளியே தெரியாது. மிச்சப் புடவை புடவையாகவே பெட்டிக்குப் போகும். ஒரு முழத்தில் நாலைந்து இலைகள் தாராளமாக வரும். பெண்கள் ஆளுக்கொன்று தைத்துக்கொள்ளலாம்.

அந்த இலைகளைத் தைக்கும்போது யாராவது அழுதால் அழட்டும், வேலையை நிறுத்த வேண்டாம்.

பழைய ஆரணிப் பட்டு இருக்கிறது. அதில் இலை வெட்டலாமா?

ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும், 1989-ல் வட ஆற்காடு பிரியும்வரை எல்லாம் ஒரே மாவட்டம். இந்தப் பக்கத்துக் கல்யாணப் பெட்டிகளில் ஆரணிப் பட்டு இல்லாத பெட்டி குறைவு. ஆகவே இது அடிக்கடி வரும் கேள்வி.

முதலில் துணியைச் சோதியுங்கள். பழைய பட்டு மடித்த மடிப்பிலேயே அறுந்து நிற்கும். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். சத்தத்தோடு கிழிந்தால் அது தனியாக நிற்காது, பின்னால் பழைய வேட்டித் துணியை வைத்து இரண்டையும் ஒன்றாகவே தைக்க வேண்டும். மெஷின் ஊசி 11-ஆம் நம்பர், பருத்திக்குப் போடும் 14 பட்டில் ஓட்டை போடும். பட்டை இலையாக்குவதைவிட ஜரிகைக் கரையை எடுத்துப் பட்டியின் முகப்பில் வைத்துத் தைப்பது எனக்குப் பிடித்த வழி. பருத்தி இலைகளுக்கு மேலே ஜரிகை ஓடும்போது தோரணம் முழுக்க ஒரு கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். இஸ்திரி போடும்போது மேலே ஒரு பருத்தித் துணி விரித்துப் போடுங்கள், நேரடிச் சூடு ஜரிகைக்கு ஆகாது.

இலைகளைப் பட்டியில் எப்படி இணைப்பது? நடுவில் தொய்ந்துவிடுகிறதே?

பட்டியை நல்ல பக்கம் உள்ளே வைத்து நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். இரண்டு குறுக்கு ஓரங்களை மட்டும் கால் இன்ச்சில் தைத்துத் திருப்புங்கள். கீழே நீளமாக ஒரு வாய் திறந்திருக்கும். அந்த வாயின் இரண்டு விளிம்பையும் கால் இன்ச் உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள். இப்போது நடு இலையை முதலில் வாய்க்குள் அரை இன்ச் நுழைத்துக் குண்டூசி குத்துங்கள். பிறகு வலம் ஒன்று, இடம் ஒன்று என்று வெளியே போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசி இலைக்கு இடம் மிஞ்சும், இல்லை போதாது. எல்லாம் குத்தி ஒருமுறை வாசலில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாகத் தைத்துவிடுங்கள்.

தொய்வுக்குக் காரணம் இரண்டு ஓரத்தில் மட்டும் கட்டுவது. தைப்பதற்கு முன்பே பட்டியின் மேல்மடிப்பை ஒட்டி நீளத்துக்கு ஒரு தையல் போட்டு, மெல்லிய மூங்கில் குச்சி நுழையும் அளவுக்கு ஒரு வழி விட்டுவிடுங்கள். இரண்டு முனையிலும் அந்த இடத்தை மட்டும் தைக்காமல் விட்டால் குச்சி நுழையும், துவைக்கும்போது உருவிக்கொள்ளலாம். குச்சி வேண்டாம் என்றால் பின்பக்கம் நடுவிலும் ஒரு வளையம் தைத்து மூன்று இடத்தில் மாட்டுங்கள்.

சலங்கை, கண்ணாடி, பாசிமணி வைக்கலாமா?

சலங்கை வைத்தால் நன்றாகவே இருக்கும், காற்றுக்குச் சத்தம் வரும். இலை நுனியில் ஒன்று போதும். கண்ணாடிச் சில் வேண்டாம், விழுந்தால் வாசலில் வெறுங்காலோடு கோலம் போடுபவர்களுக்கு ஆபத்து. கைக்குழந்தை உள்ள வீட்டில் பாசிமணியும் வேண்டாம்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டு கிடைக்கிறது. அதில் செய்யலாமா?

நல்ல துண்டுகள்தான். ஆனால் வீட்டு மெஷினில் சாதாரண ஊசி தோலைக் கிழிக்கும் அல்லது உடையும், தோலுக்கென்று இருக்கும் ஊசி வேண்டும். பனியில் நனைந்து நிழலில் தொங்கினால் பூஞ்சை பிடிக்கும். பூஜை நடக்கும் வாசலில் தோல் கூடாது என்பவர்களும் உண்டு. அறைக்குள் மாட்டும் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ். இதையே நட்சத்திரமாக மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். பட்டி, அளவு, இணைக்கும் முறை எல்லாம் இதேதான், இலைக்குப் பதில் ஐந்து முனை நட்சத்திரம். அதில் ஐந்து கூர்முனையோடு ஐந்து உள்மூலைகளும் வரும். உள்மூலையில் தையலைத் தொடும் தூரத்துக்கு ஒரு வெட்டுப் போட்டால்தான் திருப்பும்போது சுருங்காது, தையலை வெட்டிவிடாமல் ஒரு நூல் அளவு விடுங்கள். திருப்புவதற்குப் பக்கத்தில் ஒரு இடம் திறந்து வைத்து, திருப்பிய பிறகு கையால் மூடிவிட்டு, மேல்முனையில் ஒரு சின்ன நாடாவைத் தைத்து அதைப் பட்டிக்குள் நுழையுங்கள். பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கடினம். ஃபெல்ட் துணியில் வெட்டிக் கொடுத்தால் ஓரம் பிரியாது, திருப்பவும் வேண்டாம், மேலோடு தைத்தாலே போதும். லீவு தொடங்கியதுமே பண்டிகை வந்துவிடும் என்பதால் நீங்கள் நவம்பர் கடைசியிலேயே உட்கார வேண்டும்.

வாசலில்தான் பொங்கல் வைக்கிறோம். தோரணத்துக்குத் தீ பிடிக்குமா?

அடுப்பு வாசல்படிக்கு நேர் கீழே இருந்தால் பிடிக்கலாம். விறகடுப்பின் பொறி மேலே பறக்கும், காற்றுக்குத் தோரணமும் ஆடும். அடுப்பை முற்றத்துக்கு நகர்த்துங்கள். இடம் இல்லாத தெரு வீடுகளில் பொங்கிப் படைத்து முடிக்கும்வரை தோரணத்தைக் கழற்றி வைத்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள். பாலியஸ்டர் இலை உருகிச் சொட்டும், அது தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பருத்தி வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் காரணம்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் ஓனர்.

வாசலுக்கு மேலே காற்றுக்கு விட்ட கம்பி இருந்தால் அதில் நாடாவால் கட்டிவிடுங்கள். இரும்பு கேட் வீடுகளில் கேட்டின் மேல்கம்பியிலேயே கட்டலாம். இரண்டும் இல்லை என்றால் ஒட்டும் கொக்கி. சுண்ணாம்பு அடித்த சுவரில் அது நிற்காது, மரநிலையைத் துடைத்துக் காயவைத்து அதில் ஒட்டுங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்திலும் கட்டலாமா? காளை விடும் விழாவுக்கு?

வேண்டாம். மாடு எட்டியதை இழுத்து மெல்லும். துணியை விழுங்கினால் அது வயிற்றிலேயே தங்கி மாட்டுக்குத் தொந்தரவு கொடுக்கும். மறந்துபோன ஒரு குண்டூசி இருந்தால் இன்னும் மோசம். ஓடும் காளைக்குத் தொங்கும் துணி காலில் சிக்கும். பூமாலையும் கொம்புக்கு வர்ணமும் போதும். துணித் தோரணத்தைத் தொழுவத்து வாசலில் மாடு எட்டாத உயரத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது கழற்றுவது, எப்படி எடுத்து வைப்பது?

காணும் பொங்கலுக்கு வேலூர்க் கோட்டைக்கும் அமிர்தி உயிரியல் பூங்காவுக்கும் போய்வந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு கழற்றினால் போதும். தை முடியும்வரை வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் கிழக்குப் பார்த்த வாசலில் காலை வெயில் நேராக விழும், நிறம் வெளுக்கும். மாசிக்கு மேல் வேலூர் வெயிலில் விடவே வேண்டாம்.

பருத்தி என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள். பட்டும் ஜரிகையும் சேர்ந்திருந்தால் நனைக்காமல் உதறிக் காற்றாட விட்டாலே போதும். மடிக்காதீர்கள், மடிப்பில்தான் துணி நையும். பட்டியிலிருந்து தொடங்கி ஒரு அட்டைக் குழாயில் சுற்றிப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் அடைத்து ஜரிகை கறுக்கும். காய்ந்த வேப்பிலையைத் துணிக்கு வெளியே போடுங்கள். பாச்சை உருண்டை போட்டால் ஜரிகையில் படாமல், பிள்ளைகளுக்கு எட்டாமல் போடுங்கள். அட்டை மாதிரியையும் அதோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அடுத்த வருஷம் வீட்டுக்குப் புது மருமகளோ கைக்குழந்தையோ வந்திருந்தால், நைந்த இலை ஒன்றைப் பிரித்துவிட்டு அதே அளவில் இன்னொன்று தைக்க அது வேண்டும்.